குளிர்கால ஸ்டீல்ஹெட் தூண்டில்: ஆற்றில் எது தகராறு செய்தால் எங்கே பார்ப்பது

நியூயார்க் மாநிலத்தின் வடக்கில், ஒன்டாரியோ ஏரியில் போய்ச் சேரும் சால்மன் ஆற்றில் டிசம்பர் முதல் மார்ச் வரை ஸ்டீல்ஹெட் கிடைக்கும். கடலுக்குப் பதில் ஏரியில் வளர்ந்து, முட்டையிட ஆற்றுக்குத் திரும்புகிற ரெயின்போ டிரவுட்தான் அது. மூன்று, நான்கு கிலோ சாதாரணம். ஆல்ட்மர் ஊரிலிருந்து புலாஸ்கி வழியாக ஏரி வரைக்கும் ஆற்றில் இறங்கப் பல இடங்கள் உண்டு. பக்கத்து டக் ஹில் மேட்டில் ஏரிக்காற்று கொட்டும் பனி ஒரு குளிர்காலத்தில் ஐந்து மீட்டரைத் தாண்டும். இந்த இடத்தில் மீனைவிடக் குளிர்தான் அதிகச் சோதனை கொடுக்கும்.

என்னோடு ஆற்றுக்கு வருகிற நண்பர்களுக்கு வருஷா வருஷம் அதே கோளாறுகள்தான் வருகின்றன. ஆற்றங்கரையில் நின்று ஒவ்வொருவருக்கும் சொன்னதைத்தான் இங்கே எழுதி வைக்கிறேன். உங்கள் கோளாறு எந்தத் தலைப்பில் வருகிறதோ அதை மட்டும் படித்தால் போதும். ஒன்றை மட்டும் எல்லாரும் நினைவில் வையுங்கள். சாமானில் கோளாறு என்றால், காசு செலவாகாத காரணத்திலிருந்து தொடங்கிப் படிப்படியாக மேலே போங்கள். உடம்பில் கோளாறு என்றால் அப்படியே தலைகீழ்: மோசமான காரணம்தான் என்று வைத்துக்கொண்டு முதலில் கரையேறுங்கள், அப்புறம் யோசியுங்கள். அதனால் உடம்பை முதலில் வைத்திருக்கிறேன்.

கனடா பக்கம் கனராஸ்கா, கிரெடிட் போன்ற ஆறுகளுக்குப் போகிறவர்களுக்கும் இதில் பெரும்பகுதி பொருந்தும். ஆனால் ஒன்டாரியோ மாகாணத்தில் பல ஓடைகளின் பகுதிகள் டிசம்பர் 31-ஓடு மூடப்பட்டுவிடும். அந்த வருஷத்து விதிகளைப் பார்க்காமல் வண்டியை எடுக்காதீர்கள்.

## நடுக்கம் எடுக்கிறது, விரல் சொன்னபடி கேட்கவில்லை

நடுக்கம் மட்டும்தான், பேச்சும் நடையும் சரியாக இருக்கின்றன. பெரும்பாலும் காரணம் சின்னது: கையுறை நனைந்திருக்கும், காலையில் சரியாகச் சாப்பிட்டிருக்க மாட்டோம், அல்லது ஒரே இடத்தில் தொடையளவுத் தண்ணீரில் வெகுநேரம் நின்றிருப்போம். தண்ணீரைவிட்டு வெளியே வாருங்கள். உள்சட்டையைத் தொட்டுப் பாருங்கள். பருத்தி பனியன் போட்டிருந்து அது வியர்வையில் நனைந்திருந்தால், அதைக் கழற்றாமல் எத்தனை ஜாக்கெட் போட்டும் பயனில்லை. கம்பளியோ செயற்கை இழையோ மாற்றுங்கள். இனிப்பான சூடான தேநீர், கொஞ்சம் சாப்பாடு, பத்து நிமிஷம் வேகமான நடை. அரை மணி நேரத்தில் நடுக்கம் நிற்கவில்லை என்றால் அன்றைய தூண்டில் முடிந்தது. காருக்குப் போய் ஹீட்டரைப் போடுங்கள்.

பேச்சு குழறுகிறது, கால் தடுமாறுகிறது, சம்பந்தமில்லாமல் எரிந்து விழுகிறார். இது உடல் வெப்பம் 35 டிகிரி செல்சியஸுக்குக் கீழே இறங்குவதன் அடையாளம். இன்னும் மோசமானது, குளிரில் நிற்கும்போதே நடுக்கம் தானாக நின்றுவிடுவது. "இப்ப பரவாயில்லை" என்று அவரே சொல்வார், நம்பாதீர்கள். உடனே 911. ஆம்புலன்ஸ் வரும்வரை காற்றுப் படாத இடத்தில் படுக்க வையுங்கள். ஈரத் துணியைக் கழற்றி, உலர்ந்த போர்வையால் தலை உட்பட மூடுங்கள். மெதுவாகக் கையாளுங்கள்; கைகால்களைத் தேய்த்துச் சூடேற்ற வேண்டாம். முழு நினைவோடு இருந்து, விழுங்க முடிந்தால் மட்டும் சூடான பானம் கொடுங்கள். மது ஒரு சொட்டுகூடக் கூடாது. உள்ளே சூடு வந்த மாதிரி தோன்றும், ஆனால் உடம்பிலிருந்து வெப்பம் இன்னும் வேகமாக வெளியேறும்.

ஆற்றில் விழுந்துவிட்டார். ஜனவரியில் இந்தத் தண்ணீர் 0-விலிருந்து 2 டிகிரிக்குள் இருக்கும். விழுந்தவுடன் மூச்சு வாங்கும். முதல் ஒரு நிமிஷம் மூச்சைக் கட்டுக்குள் கொண்டுவருவதுதான் ஒரே வேலை. மல்லாந்து, கால்கள் நீரோட்டத்தின் திசையில் முன்னே இருக்கும்படி வைத்து, சாய்வாகக் கரையை நோக்கித் தள்ளிக்கொண்டு வாருங்கள். வேகமான ஓட்டத்தில் எழுந்து நிற்க முயன்றால் பாறை இடுக்கில் பாதம் மாட்டிக்கொள்ளும். முழங்காலளவுக்கு ஆழம் குறைந்த பிறகு எழுந்தால் போதும். இடுப்பு பெல்ட் இறுக்கமாக இருந்தால் வேடர்ஸுக்குள் (ஆற்றில் இறங்கப் போடும், மார்பு வரை வரும் நீர்புகாக் கால்சட்டை) புகும் தண்ணீர் வெகுவாகக் குறையும்; அது இல்லாமல் யாரும் ஆற்றில் இறங்கக் கூடாது. கரையேறியதும் "ஒன்றும் ஆகவில்லை" என்று தோன்றினாலும் காருக்குப் போய் உள்ளாடை வரை மாற்றுங்கள். காரில் ஒரு முழு செட் உலர்ந்த உடை இல்லாமல் கிளம்பவே கூடாது என்று நான் பிடிவாதமாகச் சொல்வேன்.

விரல் நுனியோ காதோ வெளுத்து மரத்துவிட்டது. தேய்க்காதீர்கள், பனியால் தடவாதீர்கள், கேஸ் அடுப்பில் காட்டாதீர்கள். மரத்த தோலுக்குச் சூடு தெரியாது, வெந்துவிடும். அக்குளில் விரலை வைத்துக்கொண்டு காருக்கு நடங்கள். மீண்டும் உறைய வாய்ப்பில்லாத இடத்துக்குப் போன பிறகு, உடல் சூட்டுக்குக் கொஞ்சம் மேலான வெதுவெதுப்பான நீரில் வைக்கலாம். தோல் கெட்டியாக, மெழுகு போலத் தெரிந்தாலோ, கொப்புளம் வந்தாலோ, உணர்வு திரும்பாவிட்டாலோ அன்றைக்கே மருத்துவமனைக்குப் போக வேண்டும்.

## கோலின் வளையங்களில் பனி கட்டிக்கொள்கிறது

நுனி வளையத்தில் முதலில் ஒரு வெள்ளைப் பூச்சு தெரியும். கவனிக்காமல் விட்டால் நாலைந்து வீச்சில் தூண்டில் நரம்பு நகரவே நகராது. அந்த நேரம் பார்த்து மீன் மாட்டினால், ஓட விட முடியாமல் அறுந்துபோகும்.

கையில் செய்யக் கூடியது: கோலின் நுனியை ஆற்றுக்குள் முக்கி, சில விநாடி பிடியுங்கள். ஓடுகிற தண்ணீர் எவ்வளவு குளிராக இருந்தாலும் பெரும்பாலும் உறைநிலைக்குக் கீழே போகாது. காற்றுதான் அதற்குக் கீழே. பனி இளகிவிடும். அப்புறம் நனைந்த கோலை இரண்டு முறை உதறுங்கள். மீதியை விரலால் உருட்டி எடுக்கலாம். கோலைத் தட்டியோ வளையத்தைக் கத்தியால் சுரண்டியோ பனியை உடைக்கக் கூடாது. கார்பன் நுனி குளிரில் அப்படித்தான் ஒடிகிறது, வளையத்தின் உள்ளே இருக்கும் பீங்கான் வட்டமும் விரிசல் விடுகிறது. நுனியை வாயில் வைத்து இளக்குகிறவர்களையும் பார்க்கிறேன். ஆற்றுத் தண்ணீர் குடல்நோய்க்கு வழி என்பதால் வேண்டாம்.

பத்து நிமிஷத்துக்கு ஒரு முறை திரும்பத் திரும்பக் கட்டுகிறது. வளையத்துக்குத் தண்ணீரைக் கொண்டுவருவது நரம்புதான். அதனால் எவ்வளவு குறைவாகச் சுற்றி இழுக்கிறோமோ அவ்வளவு குறைவாகப் பனி கட்டும். தூரமாக வீசி இழுப்பதை விட்டு, கோல் நீளத்துக்குக் கொஞ்சம் அதிகமான நரம்போடு பக்கத்துக் குழியில் ஒரே நீளத்தில் ஓட்டிப் பாருங்கள். வளையத்தில் உதட்டுக்குப் பூசும் களிம்பையோ, இதற்கென்று விற்கும் பசையையோ தடவலாம். ஒரு மணி நேரம் தாங்கும், மறுபடி தடவ வேண்டும்.

களிம்பும் கேட்கவில்லை. நரம்பைப் பாருங்கள். பின்னல் நரம்பு தண்ணீரை உறிஞ்சிச் சுமந்து வரும். குளிர்காலத்துக்கு ஒற்றை இழை நைலான் நரம்புதான் நல்லது. அதுவும் மாற்றியாயிற்று என்றால் கோலில்தான் விஷயம். சின்ன வளையம் வைத்த கோல் குளிருக்கு ஆகாது. பெரிய வளையம் வைத்த நீளமான தக்கைக் கோலில் பனி மெதுவாகத்தான் அடைக்கும். புதுக் கோல் என்பது செலவு. அதை வாங்கும் முன் வானிலையைப் பாருங்கள். காற்று மைனஸ் 7 டிகிரிக்குக் கீழே போகும் நாளில் எந்தக் கோலாலும் நிம்மதியாக மீன் பிடிக்க முடியாது. அன்றைக்குக் காலை பதினொரு மணிக்குப் பிறகு போகலாம், அல்லது வேறு நாள் போகலாம்.

## ரீல் இறுகிவிட்டது, அல்லது கைப்பிடி பின்னோக்கிச் சுற்றுகிறது

கைப்பிடி சுற்றவே கனமாக இருக்கிறது. நரம்பைச் சுற்றும் ரீலைப் பனிமேல் வைத்தீர்களா, தண்ணீரில் முக்கினீர்களா என்று முதலில் யோசியுங்கள். அப்படி என்றால் உள்ளே புகுந்த நீர் உறைந்திருக்கிறது. ஜாக்கெட்டுக்குள் பத்து நிமிஷம் வைத்துக்கொள்ளுங்கள். வெந்நீர் ஊற்றினால் அப்போது சரியாகும், அந்த நீரே அடுத்து உறையும்.

நனையவே இல்லை, ஆனாலும் கனம். உள்ளே இருக்கும் கிரீஸ் குளிரில் கெட்டியாகிவிட்டது. இதை ஆற்றங்கரையில் சரிசெய்ய முடியாது. வீட்டில் திறந்து, கிரீஸைக் குறைத்து, பேரிங்கில் மெல்லிய எண்ணெய் ஒரு சொட்டு விடுங்கள்.

கைப்பிடி பின்னால் நழுவுகிறது. மீன் கடித்ததும் முள் ஏறக் கோலை வெடுக்கென்று இழுக்கும்போது ரீல் பிடிக்காமல் பின்னோக்கிச் சுற்றினால் கோளாறு ஒருவழி பேரிங்கில். அதில் கிரீஸோ அதிக எண்ணெயோ இருந்தால் குளிரில் உருளைகள் ஒட்டிக்கொண்டு பூட்டாது. துடைத்து உலர்த்தி, மிகக் கொஞ்சமாக மெல்லிய எண்ணெய் இட்டால் பெரும்பாலும் சரியாகும்.

டிராக் (மீன் இழுக்கும்போது நரம்பை அளவாக விட்டுக்கொடுக்கும் ரீலின் பிரேக்) விட்டு விட்டு இழுக்கிறது. உள்ளே இருக்கும் வாஷர் நனைந்து உறைந்திருக்கிறது. காலையில் முதல் வீச்சுக்கு முன் கையால் நரம்பைச் சில மீட்டர் இழுத்துப் பாருங்கள். வழவழவென்று வர வேண்டும். திடுக் திடுக்கென்று வந்தால் அதைக் கொண்டு மீன் பிடிக்க வேண்டாம். சென்டர்பின் ரீல் (அச்சில் தாராளமாகச் சுழலும் எளிய சக்கர ரீல்) வைத்திருப்பவர்களுக்கு டிராக் கிடையாது, உள்ளங்கைதான். அதனால் இந்தத் தொல்லை இல்லை, ஆனால் பேரிங்கில் பனி ஏறினால் தக்கையைத் தாராளமாக ஓட விடாது.

சுத்தம் செய்த பிறகும் உள்ளே நறநறவென்று சத்தம் வந்தால் பல்சக்கரமோ பேரிங்கோ தேய்ந்திருக்கிறது. அதை ரீல் பழுதுபார்ப்பவரிடம் கொடுத்துவிடுங்கள்.

## நரம்பு அறுந்துகொண்டே இருக்கிறது

அதிகமாக என்னிடம் வருகிற புகார் இதுதான், அதிகமாகத் தவறாகப் புரிந்துகொள்ளப்படுவதும் இதுதான். "பெரிய மீன் சார், அறுத்துட்டுப் போயிடுச்சு" என்பார்கள். மீன் பெரிதாக இருந்திருக்கலாம். ஆனால் அறுந்த முனையை யாரும் பார்ப்பதில்லை. அதை வெட்டி எறியும் முன் கண்ணருகே வைத்துப் பாருங்கள், விரலால் உருவிப் பாருங்கள். காரணம் அதில் எழுதியிருக்கும்.

முனை சுருள் சுருளாக முறுக்கிக்கொண்டிருக்கிறது. முடிச்சு உருவிக்கொண்டது. விறைத்த கையால் அவசரமாகப் போட்ட முடிச்சு. இறுக்கும் முன் எச்சிலோ தண்ணீரோ தொட்டு நனைத்து, மெதுவாக இழுத்து, வாலை ஒட்ட வெட்டாமல் கொஞ்சம் விடுங்கள். ஃபுளோரோகார்பன் லீடர் (பிரதான நரம்புக்கும் முள்ளுக்கும் நடுவே கட்டும் மெல்லிய துண்டு நரம்பு) குளிரில் விறைப்பாக இருக்கும், முடிச்சு சரியாக அமர்ந்ததா என்று ஒவ்வொரு முறையும் இழுத்துப் பாருங்கள். நிரந்தரத் தீர்வு: முந்தின இரவே வீட்டில், சூடான கையோடு, முள் கட்டிய லீடர்களைத் தயார் செய்து அட்டையில் சுற்றிக் கொண்டுபோவது. ஆற்றில் ஒரு முடிச்சுப் போட்டால் போதும்.

முடிச்சு இருந்த இடத்தில் வெட்டினது போல் சுத்தமாக இருக்கிறது. உலர்ந்த நிலையில் இழுத்து இறுக்கியதால் உராய்வுச் சூட்டில் நரம்பு பலவீனமாகியிருக்கும், அல்லது டிராக் அளவுக்கு மேல் இறுக்கமாக இருந்திருக்கும். 8 பவுண்டு தாங்கும் லீடர் என்றால் டிராக் ஏறக்குறைய ஒரு கிலோ இழுப்பில் விட்டுக்கொடுக்க வேண்டும். சாமான் நிறுக்கும் சின்ன ஸ்பிரிங் தராசை நரம்பில் மாட்டி இழுத்தால் தெரிந்துவிடும். கையால் மதிப்பிட்டால் குளிரில் ஏமாந்துபோவோம்.

இரை தண்ணீரில் இறங்க நரம்பில் நசுக்கி வைக்கும் குண்டு இருந்த இடத்தில் அறுந்திருக்கிறது. குண்டைப் பல்லாலோ குறடாலோ அதிகமாக நசுக்கியதால் நரம்பில் வெட்டு விழுந்திருக்கிறது. நியூயார்க்கில் அரை அவுன்ஸும் அதற்குக் குறைவானதுமான ஈயக் குண்டு விற்கத் தடை இருப்பதால் கடையில் கிடைப்பது தகரக் குண்டுதான். அது ஈயத்தைவிடக் கடினம், நரம்பை எளிதில் கடித்துவிடும். நகராத அளவுக்கு மட்டும் அமுக்குங்கள். அறுந்த இடத்துக்கு மேலும் கீழும் இருக்கும் குண்டுகளையும் நகர்த்திப் பாருங்கள், அங்கேயும் கீறல் இருக்கலாம்.

ஒரு சாண் நீளத்துக்குச் சொரசொரப்பு. பாறை, அல்லது கரையோரம் நீட்டிக்கொண்டிருக்கும் பனிப்பலகையின் விளிம்பு. சொரசொரப்பு முடியும் வரை வெட்டி எறிந்துவிட்டுப் புது லீடர் கட்டுங்கள். இது திரும்பத் திரும்ப நடந்தால் இரையை மிக ஆழமாக விட்டிருக்கிறீர்கள். தக்கையைக் கீழே இறக்கி ஆழத்தைக் குறையுங்கள். பனிப்பலகை ஓரத்தில் மீனோடு போராடும்போது கோல் நுனியைத் தண்ணீரோடு ஒட்டித் தாழ்த்திப் பிடித்தால் நரம்பு விளிம்பில் உரசாது. ஆனால் அந்தப் பலகைமேல் ஏறி நிற்காதீர்கள். அடியில் தண்ணீர் அரித்திருக்கும்.

தக்கைக்கு மேலே பல மீட்டர் தூரம் நரம்பு தேய்ந்திருக்கிறது. இது பாறையின் வேலை இல்லை, வளையத்தின் வேலை. பஞ்சைத் திரித்து ஒவ்வொரு வளையத்துக்குள்ளும் விட்டு இழுங்கள். எங்கே பஞ்சிழை மாட்டுகிறதோ அங்கே பீங்கான் வட்டம் விரிசல் விட்டிருக்கிறது. அந்தக் கோலை வைத்துவிட்டு வேறு கோல் எடுங்கள். வளையத்தை மாற்றுவது கோல் பழுதுபார்ப்பவருக்குச் சின்ன வேலை. நாமே வெறும் பசை போட்டு ஒட்டினால் அடுத்த குளிரில் கழன்றுவிடும்.

இவற்றில் எதுவுமே இல்லை, எங்கே இழுத்தாலும் அறுகிறது என்றால் நரம்பு பழசு. வருஷத்துக்கு ஒரு முறை மாற்றுங்கள். பிரதான நரம்பு 10 அல்லது 12 பவுண்டு, லீடர் 6 அல்லது 8 பவுண்டு என்று வைத்தால், அறுந்தாலும் முள் மட்டும் போகும். தக்கையையும் நீண்ட நரம்பையும் இழுத்துக்கொண்டு மீன் அலைய வேண்டியிருக்காது.

## தக்கை சரியாக ஓடவில்லை

தக்கையின் தலை எந்தப் பக்கம் சாய்கிறது என்று பாருங்கள்.

தலை நீரோட்டத் திசையில் சாய்கிறது. கீழே இரையோ குண்டோ தரையில் இழுபடுகிறது. ஆழத்தை ஒரு சாண் குறையுங்கள். ஒவ்வொரு ஓட்டத்திலும் அதே இடத்தில் தக்கை முங்கினாலும் இதே காரணம்தான், அது மீன் இல்லை. வேறு வேறு இடத்தில் முங்கினால் யோசிக்காமல் கோலை உயர்த்துங்கள்.

தலை நம் பக்கம், நீரோட்டத்துக்கு எதிர்த்திசையில் சாய்கிறது. நரம்பை அளவுக்கு மீறிப் பிடித்து வைத்திருக்கிறோம். கொஞ்சம் விடுங்கள்.

நேராக நிற்கிறது, ஆனால் நுரையைவிட வேகமாக ஓடுகிறது. இடையில் இருக்கும் நரம்பை நீரோட்டம் வளைத்து இழுத்துக்கொண்டு போகிறது. கோலைத் தூக்கி நரம்பைத் தக்கைக்குப் பின்னால், தண்ணீர் வரும் பக்கமாக எடுத்துப் போடுங்கள். ஆற்றின் அடிநீர் மேல்நீரைவிட மெதுவாக ஓடும். குளிரில் மீன் இருப்பது அடியில். தக்கை, மேலே மிதக்கும் நுரையைவிடக் கொஞ்சம் மெதுவாகப் போனால்தான் இரை மீனின் மூக்குக்கு முன்னால் சரியான வேகத்தில் போகும்.

## நாள் முழுக்க ஒரு கடிகூட இல்லை

இரையை மாற்றுவதுதான் எல்லாரும் முதலில் செய்வது. அதைக் கடைசியில் வைத்துக்கொள்ளுங்கள்.

முதலில் நிற்கும் இடம். தண்ணீர் 4 டிகிரிக்குக் கீழே போனால் ஸ்டீல்ஹெட் வேகமான நீரைவிட்டு, ஆள் நடக்கிற வேகத்தில் ஓடும் ஆழமான குழிகளுக்கும் அவற்றின் வால்பகுதிக்கும் போய்விடும். இரையைத் துரத்தாது. நவம்பரில் மீன் பிடித்த அதே வேகமான பாய்ச்சலில் ஜனவரியிலும் நின்றுகொண்டிருந்தால் பயனில்லை. இரை தரையிலிருந்து ஒரு சாணுக்குள் போகிறதா என்று பாருங்கள். இருபது, முப்பது நல்ல ஓட்டத்துக்குப் பிறகும் ஒன்றும் இல்லை என்றால் அடுத்த குழிக்கு நகருங்கள்.

அப்புறம் தெர்மாமீட்டர். இரண்டு மணி நேரத்துக்கு ஒரு முறை அளந்தால் போதும். அரை டிகிரி ஏறினாலும் மீன் அசையத் தொடங்கும், அதனால் குளிர்காலத்தில் மதியத்துக்கு மேல்தான் நேரம். ஒரு விஷயம் பலரைக் குழப்பும்: நல்ல வெயில், பனி உருகி ஓடுகிறது, ஆனாலும் கடியே இல்லை. உருகிய பனிநீர் ஆற்றில் சேர்ந்து தண்ணீரை இன்னும் குளிராக்கிவிடுவதுதான் காரணம்.

தண்ணீர் முழுக்கப் பனிக்கூழ் மிதந்து வருகிறது. தக்கை நிற்காது, இரை இறங்காது. இதற்கு மருந்து கிடையாது. அணைக்குப் பக்கத்தில் ஆல்ட்மர் பகுதிக்குப் போங்கள். நீர்த்தேக்கத்திலிருந்து வரும் நீர் அங்கே பெரும்பாலும் பனிக்கூழ் இல்லாமல் இருக்கும். அல்லது மதியம் வரை காத்திருங்கள்.

நீர்மட்டம் மாறியிருக்கிறது. இந்த ஆற்றை லைட்ஹவுஸ் ஹில் அணை கட்டுப்படுத்துகிறது. எவ்வளவு திறக்கிறார்கள் என்பதைக் கிளம்பும் முன் பார்த்துவிடலாம். வினாடிக்கு 350 முதல் 750 கன அடி வரை என்றால் நடந்து பிடிக்க நன்றாக இருக்கும். 1,000-ஐத் தாண்டினால் ஆற்றைக் கடக்காதீர்கள், கரையோர மெதுநீரை மட்டும் பாருங்கள். நிற்கும்போதே தண்ணீர் ஏறுவதாகத் தோன்றினால் கரையில் ஒரு கல்லை அடையாளம் வைத்துப் பாருங்கள். கல் மூழ்கினால் அந்த நிமிஷமே வெளியே வாருங்கள். எதிர்க்கரையிலோ திட்டிலோ நின்றால் திரும்பி வர வழி இருக்காது.

இவ்வளவுக்கும் பிறகுதான் இரை. தெளிந்த தண்ணீரில் சின்ன மணி (மீன் முட்டை போலத் தெரியும் உருண்டை), சின்ன சினைப் பொட்டலம் (வலைத்துணியில் கட்டிய மீன் சினை), மெல்லிய லீடர். கலங்கலில் பெரிய பொட்டலம், பளிச்சென்ற இளஞ்சிவப்பு அல்லது மஞ்சள்பச்சை. சினைப் பொட்டலம் காற்றில் உறைந்து கல்லாகிவிட்டதா என்றும் பாருங்கள். டப்பாவை உள்பையில் வைத்துக்கொண்டால் உறையாது.

பல தடவை வந்தும் மீன் எங்கே நிற்கிறது என்றே பிடிபடவில்லை என்றால் ஒரு நாள் வழிகாட்டியை அமர்த்துங்கள். சில நூறு டாலர் ஆகும். புதுக் கோல், புது ரீல் வாங்குவதைவிட அந்தப் பணம் அதிகம் கற்றுத்தரும் என்பது என் உறுதியான எண்ணம். மாநில உரிமம் வைத்திருக்கிறாரா என்று கேட்டு அமர்த்துங்கள்.

## மாட்டுகிறது, ஆனால் நழுவிவிடுகிறது

முள்முனையைக் கட்டைவிரல் நகத்தில் சாய்த்து இழுங்கள். வழுக்கினால் மழுங்கிவிட்டது, பாறையில் பட்ட முள் எல்லாம் மழுங்கும். தீட்டுங்கள் அல்லது மாற்றுங்கள்.

முனை கூராக இருந்தும் நழுவினால், இரை முள்ளின் வாயை அடைத்துக்கொண்டிருக்கிறதா என்று பாருங்கள். பொட்டலம் சின்னதாக, முனை வெளியே தெரியும்படி இருக்க வேண்டும். அதுவும் சரி என்றால் நரம்பு தொய்கிறது. மீன் நம்மை நோக்கி ஓடி வரும்போது வேகமாகச் சுற்ற வேண்டும், அல்லது பின்னோக்கி நடக்க வேண்டும். முள் நிமிர்ந்து வந்தால் கம்பி மெல்லியது, டிராக் இறுக்கம், இரண்டையும் பாருங்கள்.

## விட்ட மீன் நீந்தாமல் சாய்கிறது

உறைநிலைக்குக் கீழே இருக்கும் காற்றில் மீனைத் தூக்கிப் படம் எடுத்தால் செவுளும் கண்ணும் சில விநாடியில் பாதிக்கப்படும். ரப்பர் வலைக்குள், தண்ணீரிலேயே வைத்து முள்ளை எடுங்கள். பனிமேல் போடவே கூடாது. உலர்ந்த கம்பளிக் கையுறையால் பிடித்தால் உடம்பின் வழவழப்பு உரிந்துவிடும். கையுறையைக் கழற்றிக் கையை நனைத்துப் பிடியுங்கள்.

சாய்ந்தால் வால்பிடியையும் வயிற்றையும் தாங்கி, தலை நீரோட்டத்தை எதிர்நோக்கும்படி மெதுநீரில் நிமிர்த்திப் பிடியுங்கள். முன்னும் பின்னும் ஆட்ட வேண்டாம். அது தானாகக் கையை உதறிக்கொண்டு போகும் வரை பொறுங்கள். குளிரில் இதற்குச் சில நிமிஷம் ஆகலாம்.

செவுளிலிருந்து இரத்தம் வழிந்தால் பிழைப்பது கடினம். அந்த வருஷத்து அளவும் எண்ணிக்கையும் இடம் கொடுத்தால் அந்த மீனை எடுத்துக்கொள்ளலாம். குழம்பு வைக்கும் முன் மாநிலச் சுகாதாரத் துறையின் அறிவுரையைப் படியுங்கள். ஒன்டாரியோ ஏரி மீன்களில் பி.சி.பி., டையாக்சின் போன்ற நச்சுகள் சேர்ந்திருப்பதால், குறிப்பாகக் குழந்தைகளுக்கும் கருத்தரிக்கும் வயதுப் பெண்களுக்கும் கட்டுப்பாடு உண்டு.

## கால் வழுக்குகிறது, கால் விறைக்கிறது

ஃபெல்ட் (அழுத்திய கம்பளம் போன்ற துணி) அடி வைத்த பூட்ஸ் ஆற்றுக்குள் நன்றாகப் பிடிக்கும், பனிப்பாதையில் நடந்தால் அடியில் பனி உருண்டு ஒட்டிக்கொண்டு கணுக்கால் பிசகும். குளிர்காலத்துக்கு ரப்பர் அடியில் கடின உலோக ஆணி வைத்ததே நல்லது. எது போட்டாலும் கையில் ஊன்றுகோல் வேண்டும்.

விறைப்புக்கு எல்லாரும் இன்னொரு காலுறை போடுவார்கள், அதனால்தான் மேலும் விறைக்கும். பூட்ஸ் இறுகி இரத்த ஓட்டம் தடைபடுகிறது. உள்ளே விரல்களை மடக்கி விரிக்க முடிகிறதா என்று பாருங்கள். முடியாவிட்டால் ஒரு காலுறையைக் கழற்றுங்கள். பூட்ஸ் ஒரு அளவு பெரிதாக வாங்குவதுதான் அடுத்த செலவு.

## வேடர்ஸுக்குள் ஈரம்

கசிவா, வியர்வையா என்று முதலில் தீர்மானியுங்கள். கால் முழுக்கச் சமமாக ஈரம் என்றால் வியர்வை; நடக்கும்போது மேல் அடுக்கைக் கழற்றுங்கள். ஓரிடத்தில் மட்டும், அதுவும் சில்லென்று தெரிந்தால் கசிவு. ஓட்டை பெரிதாக இருந்தால் அன்றைக்கு முழங்காலளவுக்கு மேல் இறங்க வேண்டாம்.

வீட்டில் முழுக்கக் காயவைத்த பிறகு தேடுங்கள். இருட்டறையில் உள்ளே டார்ச் அடித்தால் பெரிய துளை தெரியும். கோர்டெக்ஸ் வகை (வியர்வை ஆவியை வெளியே விடும் துணி) என்றால் உள்பக்கத்தை வெளியே திருப்பி ஐசோபுரொப்பைல் ஆல்கஹால் தெளியுங்கள். துளை இருக்கும் இடம் கரும்புள்ளியாகத் தெரியும். சன்னல் திறந்திருக்கட்டும், பக்கத்தில் நெருப்பு வேண்டாம். புள்ளியைச் சுற்றி விரல் அகலத்துக்கு வேடர்ஸ் பசையை மெல்லியதாகப் பூசி, ஒரு நாள் முழுக்க உலரவிடுங்கள். ஆற்றங்கரையில் வெள்ளை டேப் ஒட்டுவது ஈரத்தில் நிற்காது.

தையல் ஓரத்து ஒட்டுநாடா நீளமாகப் பிரிந்திருந்தாலோ, நியோபிரீன் காலுறை சேரும் இடத்தில் கசிந்தாலோ பசையால் ஆகாது. கழுவிக் காயவைத்து, கசியும் இடத்தைப் பேனாவால் வட்டமிட்டு, தயாரிப்பாளரின் பழுதுபார்க்கும் பிரிவுக்கு அனுப்புங்கள். பலர் இலவசமாகவோ சொற்பக் கட்டணத்துக்கோ சரிசெய்து தருகிறார்கள். திரும்பி வரச் சில வாரங்கள் ஆகும் என்பதால் சீசன் முடிந்து ஏப்ரலில் அனுப்பினால் அடுத்த டிசம்பருக்குத் தயாராக இருக்கும்.